கடைசிக் கிண்ணம் வரை நீர் விடாத பழ சாலட்

முப்பது பேர் கூடிய ஒரு கோடைக்கால மதிய விருந்துக்கு முதன்முதலாகப் பழ சாலட் செய்தபோது, காலை எட்டு மணிக்கே எல்லாப் பழங்களையும் நறுக்கி, சர்க்கரை தூவி, ஒரே பெரிய பாத்திரத்தில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். வேலையை முன்னதாகவே முடித்த நிம்மதி எனக்கு. ஒன்றரை மணிக்கு மூடியைத் திறந்தால், பாத்திரத்தில் பாதிக்கு இளஞ்சிவப்புத் தண்ணீர். தர்பூசணி சுருங்கிக் கிடந்தது. வாழைப்பழம் கொழகொழவென்று கறுத்திருந்தது. ஆப்பிள் துண்டுகள் பழுப்பேறியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் மாம்பழம் எது, முலாம்பழம் எது என்று சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் ஒரே இனிப்புத் தண்ணீரின் சுவை.

பழங்கள் நல்லவைதான். நான் கலந்த நேரம்தான் தப்பு.

பழம் என்பது பெரும்பாலும் தண்ணீர். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கோடிக்கணக்கான நுண்ணிய செல்கள் பைபோலப் பிடித்து வைத்திருக்கின்றன. கத்தி படும் இடத்தில் அந்தப் பைகள் கிழிகின்றன, சாறு கசிகிறது. மேலே சர்க்கரையைத் தூவினால், வெளியே இருக்கும் அடர்த்தியான இனிப்பு உள்ளே இருக்கும் நீரை இழுத்துக்கொள்கிறது. ஊறுகாய்க்கு உப்புப் போட்டதும் மாங்காய் நீர் விடுகிறதே, அதே வேலைதான். ஊறுகாய்க்கு அது வேண்டும், சாலட்டுக்கு வேண்டாம். சாறு பழத்துக்குள்ளேயே இருந்து, கடிக்கும்போது வாயில் உடைய வேண்டும். கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

எத்தனை பேருக்கு எவ்வளவு

சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதென்றால் ஆளுக்கு 150 முதல் 200 கிராம் வரை நறுக்கிய பழம் போதும். வெயில் அதிகமென்றால் மக்கள் இரண்டாம் முறை கேட்பார்கள், அதனால் நான் 175 கிராம் என்று வைத்துக்கொள்வேன். இருபது பேருக்கு மூன்றரை கிலோ. இது நறுக்கிய பிறகு வரும் எடை என்பதை மறந்துவிடக் கூடாது. தோல், கொட்டை, நடுத்தண்டு எல்லாம் போக அன்னாசியில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். தர்பூசணியிலும் மாம்பழத்திலும் அறுபது சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். மாதுளையில் பாதி. ஆப்பிளிலும் திராட்சையிலும்தான் வீணாவது குறைவு. மொத்தத்தில் ஆறு கிலோ பழம் வாங்கினால் இருபது பேருக்குச் சரியாக இருக்கும். நான் வாங்கும் கணக்கு இது:

தர்பூசணி ஒன்றரை கிலோ
முலாம்பழம் ஒரு கிலோ
அன்னாசி ஒன்று, சுமார் 1.2 கிலோ
மாம்பழம் ஒரு கிலோ
விதையில்லாத திராட்சை 300 கிராம்
ஆப்பிள் இரண்டு
ஆரஞ்சு இரண்டு
மாதுளை பெரிதாக ஒன்று

எட்டு வகை. இதற்கு மேல் போகாதீர்கள். பன்னிரண்டு பழம் போட்டால் பெருமையாக இருக்கும். நாக்குக்கு எதுவும் பிடிபடாது. ஐந்தே வகை போட்டாலும் குறையில்லை. இனிப்பு மட்டுமே உள்ள பழம், புளிப்புக் கலந்த பழம், கடித்தால் நறுக்கென்று உடையும் பழம், வாயில் கரையும் பழம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். மேலே சொன்ன பட்டியலில் மாம்பழத்துக்கு எதிராக அன்னாசி நிற்கிறது. முலாம்பழத்தின் மென்மைக்கு எதிராக ஆப்பிளும் மாதுளையும் நிற்கின்றன. உங்களுக்குக் கிடைக்கும் பழங்களை இதே கணக்கில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போதே பாதி வேலை முடிகிறது

பழங்களில் இரண்டு சாதி உண்டு. பறித்த பிறகும் பழுப்பவை ஒன்று: மாம்பழம், வாழை, பப்பாளி, கொய்யா, பேரிக்காய், கிவி. பறித்த அன்றோடு நின்றுபோகிறவை இன்னொன்று: அன்னாசி, திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, ஸ்ட்ராபெரி. தர்பூசணியையும் இந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். முலாம்பழம் வீட்டில் வைத்தால் மெத்தென்று ஆகும், மணமும் ஏறும்; இனிப்பு மட்டும் ஏறாது. அதற்குள் சர்க்கரையாக மாறுவதற்கு மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. மாம்பழத்தில் அந்தச் சேமிப்பு இருக்கிறது. அதனால்தான் காயாக வாங்கிய மாம்பழம் நான்கு நாளில் தேனாகிறது. புளித்த திராட்சை நான்கு நாளில் வாடிய புளித்த திராட்சையாகவே இருக்கிறது.

இதிலிருந்து வாங்கும் நாள் தானாகவே தெரிந்துவிடும். மாம்பழத்தை மூன்று நாள் முன்பே, சற்று கெட்டியாக வாங்குங்கள். பழுக்கவில்லை என்றால் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் சுற்றி வையுங்கள். வாழை வெளிவிடும் எத்திலீன் வாயு மாம்பழத்தையும் பழுக்க வைக்கும். பழுக்கும் வரை ஃப்ரிட்ஜ் பக்கம் கொண்டு போகவே கூடாது. காயான மாம்பழம் அதிகக் குளிரில் பழுப்பதை நிறுத்திவிடும், பிறகு வெளியே எடுத்தாலும் சுவை திரும்பாது. சாலட்டுக்கு வேண்டிய மாம்பழம் விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் இணங்க வேண்டும். அமுங்கிவிட்டால் அதை அப்படியே சாப்பிடுங்கள், சாலட்டில் போட்டால் கூழாகிவிடும்.

மற்றவற்றை முந்தைய நாள் வாங்கினால் போதும். தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் பலர். அந்தச் சத்தத்தைப் புரிந்துகொள்ளப் பல வருடப் பழக்கம் வேண்டும். அதைவிட எளிய அடையாளம், பழம் தரையில் படுத்திருந்த இடம். அந்தத் திட்டு வெண்மையாக இருந்தால் அவசரப்பட்டுப் பறித்திருக்கிறார்கள். வெண்ணெய் போன்ற மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றியிருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். முலாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் மூக்குதான் தராசு. முலாம்பழத்தைக் காம்புப் பக்கம் முகர வேண்டும், அன்னாசியை அடிப்பக்கம் முகர வேண்டும். மணமே இல்லையென்றால் வைத்துவிடுங்கள். புளித்த வாடை அடித்தாலும் வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வெட்டி விற்கும் துண்டுகளை விருந்துக்கு வாங்காதீர்கள். எப்போது வெட்டினார்கள், எந்தக் கத்தியால் வெட்டினார்கள் என்று தெரியாத பழத்தை இருபது பேருக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

வாங்கி வந்ததும் பழுத்தவை அனைத்தையும் முழுதாகவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த பழத்தை வெட்டினால் சாறு குறைவாகக் கசியும், துண்டும் கெட்டியாக நிற்கும். வெட்டிய பிறகு குளிர வைப்பதைவிட இது மேல். தர்பூசணி போன்ற பெரிய பழம் நடுவரை குளிரப் பல மணி நேரம் எடுக்கும் என்பதால் காலையில் வைத்து மதியம் எடுப்பது உதவாது.

தோலை உரிக்கப் போகிறோமே, எதற்குக் கழுவ வேண்டும்?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். கத்தி தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் சதைக்குள் இழுத்துக்கொண்டே போகிறது. முலாம்பழத்தின் வலைப்பின்னல் தோல் இதில் மிக மோசம், ஒவ்வொரு இடுக்கிலும் அழுக்கு ஒளிந்துகொள்ளும். அதன் சதையில் புளிப்பும் கிடையாது, அதனால் கிருமிகள் வளரத் தடையே இல்லை. 2011-இல் அமெரிக்காவில் முலாம்பழத்தின் வழியாகப் பரவிய லிஸ்டீரியா தொற்றில் 147 பேர் நோயுற்றார்கள், 33 பேர் இறந்தார்கள். லிஸ்டீரியா ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரக்கூடிய கிருமி.

ஆகவே தர்பூசணி, முலாம்பழம், அன்னாசி மூன்றையும் ஓடும் தண்ணீரில் காட்டி, இதற்கென்றே வைத்திருக்கும் தூரிகையால் தேயுங்கள். சோப்பு வேண்டாம், அது பழத்துக்குள் ஊறிவிடும். கழுவியதும் சுத்தமான துணியால் துடைத்துக் காய வையுங்கள். திராட்சையைக் கொத்தோடு கழுவி, பிறகு உதிர்த்து, துணியில் பரப்புங்கள். ஸ்ட்ராபெரி சேர்ப்பதாக இருந்தால் கடைசி நேரத்தில், காம்பைக் கிள்ளாமல் கழுவ வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். கழுவிய பழம் எதுவாக இருந்தாலும் ஈரத்தோடு சாலட்டில் சேரக் கூடாது. அந்த ஈரமும் கடைசியில் பாத்திரத்தின் அடியில்தான் வந்து நிற்கும்.

கத்தி, பலகை, பாத்திரம்

கத்தியைத் தீட்டிவிட்டு ஆரம்பியுங்கள். மழுங்கிய கத்தி வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் சாறும் வடியும், சீக்கிரம் கறுக்கவும் செய்யும். வெங்காயம் பூண்டு நறுக்கும் பலகையில் பழத்தை நறுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் வாடை மாம்பழத்தில் ஏறிவிடும். பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் எதுவாகவும் இருக்கலாம். அலுமினியமும் பித்தளையும் எலுமிச்சைப் புளிப்போடு ஒத்துப்போகாது.

எந்த அளவில் நறுக்குவது

இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் சாலட் நீர் விடுவதை இதுதான் தீர்மானிக்கிறது. மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய ஒரு கிலோ தர்பூசணியை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக மாற்றினால், கத்தி பட்ட பரப்பு இரண்டு மடங்காகிறது. கசியும் வழியும் இரண்டு மடங்கு. அதனால் நீர் அதிகமுள்ள தர்பூசணியையும் முலாம்பழத்தையும் பெரிதாக, இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டுங்கள். மாம்பழம் இரண்டு சென்டிமீட்டர். அன்னாசியும் ஆப்பிளும் மெல்லக் கடினமானவை, அவற்றைச் சிறிதாக, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் வெட்டலாம். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் அழகு என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரண்டியில் ஒரு பெரிய தர்பூசணித் துண்டும், பக்கத்தில் இரண்டு சின்ன அன்னாசியும், நான்கு மாதுளை முத்தும் வருவதுதான் சாப்பிட நன்றாக இருக்கிறது.

வெட்டும் வரிசை

மதியம் ஒரு மணிக்குப் பரிமாற வேண்டும் என்றால் பத்தரைக்கு ஆரம்பிக்கலாம். எது முதலில், எது கடைசியில் என்பதற்குக் காரணம் இருக்கிறது: புளிப்பும் கெட்டியும் உள்ள பழங்கள் காத்திருக்கும், நீர்ப்பழங்கள் காத்திருக்காது. முக்கியமாக, ஒவ்வொரு பழத்தையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். கடைசி நிமிடம் வரை எதையும் எதனோடும் கலக்க வேண்டாம்.

முதலில் ஆரஞ்சு. மேலும் கீழும் ஒரு சீவு சீவி, நிமிர்த்தி வைத்து, தோலோடு அந்த வெள்ளைப் பகுதியும் போகும்படி மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். பிறகு ஒவ்வொரு சுளையின் இரண்டு பக்கமும் உள்ள சவ்வை ஒட்டிக் கத்தியை இறக்கினால் சுளை மட்டும் தனியே கழன்று வரும். முதல் இரண்டு சுளை பிய்ந்துதான் போகும், மூன்றாவதிலிருந்து கை பழகிவிடும். மிஞ்சிய சவ்வுக்கூட்டைக் கையால் பிழிந்து சாற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

அடுத்து அன்னாசி. கொண்டையையும் அடியையும் வெட்டி, நிமிர்த்தி வைத்துத் தோலைச் சீவுங்கள். கண்களையெல்லாம் சேர்த்து ஆழமாகச் சீவினால் நல்ல சதையும் போய்விடும். மேலோட்டமாகச் சீவிவிட்டுப் பாருங்கள், கண்கள் சாய்வான வரிசையில் சுற்றிக்கொண்டு போவது தெரியும். அந்தச் சாய்வு வரிசையின் இருபுறமும் கத்தியைச் சரித்து வெட்டினால், ஒரு வாய்க்கால் போல மொத்த வரிசையும் பெயர்ந்து வந்துவிடும். நடுத்தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், பாகுக்கு வேண்டும். அன்னாசியின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட இனிப்பு, ஆகவே துண்டுகளை நன்றாகக் கலந்து வையுங்கள்.

இப்போது ஆப்பிள். வெட்டிய ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது? அதன் செல்களுக்குள் தனித்தனியாக இருந்த ஒரு நொதியும் ஃபீனால் எனப்படும் பொருள்களும் கத்தி பட்டதும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்ததும் பழுப்பு நிறம் பிறக்கிறது. புளிப்பு அந்த நொதியை முடக்குகிறது. வைட்டமின் சி நிறம் உருவாவதைத் தடுக்கிறது. எலுமிச்சையில் இரண்டும் உண்டு. ஆனால் ஆப்பிள் முழுக்க எலுமிச்சையைப் பிழிந்தால் புளித்துப்போகும். நான் செய்வது: பிழிந்து வைத்த ஆரஞ்சுச் சாறு, அன்னாசி வெட்டியபோது பலகையில் தேங்கிய சாறு, அரை மூடி எலுமிச்சை மூன்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து, ஆப்பிளை நறுக்க நறுக்க அதற்குள் போட்டுப் புரட்டுவேன். இரண்டு மணி நேரம் தாண்டியும் வெளுப்பாகவே இருக்கும். தோலை உரிக்க வேண்டாம். அந்தச் சிவப்பு சாலட்டுக்கு அழகு.

மாதுளையில் கை சிவக்காமல் முத்தெடுக்க வழி இருக்கிறது. கிரீடத்தைச் சுற்றி வட்டமாக வெட்டி மூடிபோல் எடுத்துவிடுங்கள். உள்ளே வெள்ளைச் சவ்வு எங்கெங்கே பிரிக்கிறது என்று தெரியும். அந்தக் கோடுகளைத் தொடர்ந்து தோலில் மட்டும் கீறி, கையால் பிளந்து, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து உதிருங்கள். முத்துகள் அடியில் தங்கும், சவ்வு மேலே மிதக்கும். வடித்துத் துணியில் பரப்பிவிட்டால் சரி. திராட்சையைப் பெரியவர்களுக்கு அப்படியே விடலாம். குழந்தைகள் வருகிறார்கள் என்றால் நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். முழுத் திராட்சை சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும் அளவும் வழவழப்பும் கொண்டது. நேரமில்லை என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பன்னிரண்டு மணிவாக்கில் மாம்பழத்தை எடுங்கள். உள்ளே இருக்கும் கொட்டை தட்டையானது. பழத்தின் ஒடுங்கிய பக்கம் உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து, நடுவிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி இருபுறமும் இறக்கினால் இரண்டு கன்னங்கள் வரும். சதையில் மட்டும் கட்டம் கட்டமாகக் கீறி, தோலின் அடியிலிருந்து உந்தித் திருப்பினால் துண்டுகள் விரிந்து நிற்கும், கரண்டியால் வழித்துக்கொள்ளலாம். கொட்டையைச் சுற்றி ஒட்டியிருப்பதை வெட்டி எடுக்க முயன்றால் நார் நாராக வரும். அது வெட்டுகிறவரின் பங்கு.

கடைசியாக முலாம்பழமும் தர்பூசணியும். முலாம்பழத்தின் விதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, தோல் சீவி நறுக்குங்கள். பச்சை மறையும் வரை சீவத் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். தோலை ஒட்டிய பகுதி வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். தர்பூசணியை நறுக்கியதும் ஒரு சல்லடையில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து, அப்படியே ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் விடுங்கள். வெட்டிய பரப்பிலிருந்து கசிய வேண்டியது அப்போதே கசிந்து கிண்ணத்தில் இறங்கிவிடும். இந்த ஒரு வேலையைச் செய்ய ஆரம்பித்த பிறகு என் சாலட்டின் அடியில் தண்ணீர் தேங்குவது பெரும்பாலும் நின்றுபோனது.

வாழைப்பழம் எங்கே என்று கேட்பீர்கள். அதைப் பரிமாறும் இடத்தில், கிண்ணத்தின் மேலேயே அரிந்து போடுவதென்றால் சேருங்கள், இல்லையென்றால் வேண்டாம். பழுத்த பப்பாளியும் அப்படித்தான், இரண்டு முறை கிளறினால் கரைந்துவிடும். சிவப்புச் சதையுள்ள டிராகன் பழம் மற்ற எல்லாவற்றையும் தன் நிறத்துக்கு மாற்றிவிடும், அதைத் தனித் தட்டில் வையுங்கள்.

பாகு

நல்ல பழத்துக்குச் சர்க்கரை தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் எட்டுப் பழங்களையும் ஒன்றாக்க ஏதோ ஒன்று வேண்டும். தூவும் சர்க்கரை நீரை இழுத்துவிடும் என்பதால் நான் இளம்பாகு காய்ச்சுகிறேன். முந்தைய இரவே செய்து வைக்கலாம். நடுத்தண்டு மட்டும் மறுநாள்தான் கிடைக்கும். அதையும் சேர்க்க விரும்பினால் காலையில் அன்னாசி வெட்டியதும் காய்ச்சி, முழுதாக ஆற விடுங்கள்.

இருபது பேருக்கு 80 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், தட்டிய இஞ்சி ஒரு கட்டைவிரல் நீளம், அன்னாசி நடுத்தண்டு நாலைந்து துண்டு, கால் தேக்கரண்டி உப்பு. ஐந்து நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்த பிறகு, ஒரு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவிப் போட்டு மூடுங்கள். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அதைத் தொடாதீர்கள். ஆறியதும் வடிகட்டி, இரண்டு எலுமிச்சையின் சாற்றைக் கலந்து குளிர வையுங்கள். ஆளுக்கு நான்கு கிராம் சர்க்கரைதான் வருகிறது, ஒரு தேக்கரண்டி கூட இல்லை. சர்க்கரைக்குப் பதில் தேன் விடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

உப்பு எதற்கு என்று தோன்றலாம். உப்பு கசப்பை அடக்குகிறது, கசப்பு அடங்கியதும் இனிப்பு தூக்கித் தெரிகிறது. பழத்தின் மேல் நேராகத் தூவினால் நீர் விடும், பாகில் கரைத்துவிட்டால் அந்த அளவுக்குத் தொந்தரவில்லை. புளிப்புதான் இந்தப் பாகின் உயிர். மாம்பழமும் முலாம்பழமும் இனிப்பாக மட்டுமே இருந்தால் நான்காவது கரண்டியில் திகட்டிவிடும்.

கலப்பதும் குளிரும்

பன்னிரண்டே முக்காலுக்கு, பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, கலக்க ஆரம்பியுங்கள். அன்னாசி, ஆரஞ்சு, வடித்த ஆப்பிள், திராட்சை எல்லாவற்றையும் முதலில் போட்டு முக்கால் பங்கு பாகை ஊற்றிப் புரட்டுங்கள். அதன் மேல் மாம்பழம், முலாம்பழம், தர்பூசணி. இப்போது கரண்டியை அடிவரை விட்டு மேலே தூக்கி விடுவதுபோல இரண்டே முறை. கிளற வேண்டாம். மீதிப் பாகை ருசி பார்த்துச் சேருங்கள். பழம் நல்ல இனிப்பென்றால் அது மிஞ்சட்டும். மாதுளை முத்தை மேலே தூவி, பத்துப் பதினைந்து புதினா இலைகளைக் கையால் கிள்ளிப் போடுங்கள். கத்தியால் பொடியாக அரிந்தால் புதினா கறுத்துவிடும்.

ஐஸ் போலக் குளிர்ந்த பழத்தில் இனிப்பு குறைவாகத் தெரியும். இது மனப்பிரமை இல்லை. இனிப்பைக் கடத்தும் சுவை செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதம் இருக்கிறது. அது குளிரில் மந்தமாகவும், 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏற ஏறச் சுறுசுறுப்பாகவும் வேலை செய்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கலந்து கால் மணி நேரம் ஆகும்போது பழம் சில்லென்றும் இருக்கும், சுவையும் திறந்திருக்கும். கலக்கிய உடனே ருசி பார்த்து, இனிப்புப் போதவில்லை என்று சர்க்கரையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

பரிமாறும் இடத்தில்

மொத்தத்தையும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டு வராதீர்கள். பாதியைக் கலந்து கொண்டு வாருங்கள், மீதிப் பழங்கள் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும். முதல் பாத்திரம் தீரும் நேரம் பார்த்து இரண்டாவதைக் கலந்துகொள்ளலாம். தாமதமாக வருகிறவருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே சாலட் கிடைக்கும். ஐஸ் கட்டிகள் நிரப்பிய அகன்ற தட்டின் மேல் சாலட் பாத்திரத்தை உட்கார வையுங்கள். ஐஸைச் சாலட்டுக்குள் போட வேண்டாம், உருகினால் வந்த வினை உங்களுக்கே தெரியும். பரிமாற ஜல்லிக்கரண்டி வைத்தால் சாறு கீழேயே நின்று பழம் மட்டும் கிண்ணத்துக்கு வரும்.

வெட்டிய பழம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. திறந்தவெளியில், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில், அந்தக் கணக்கு ஒரு மணி நேரம்தான். பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஐஸ்கிரீம், கிரீம், தயிர் எதுவானாலும் தனிக் கிண்ணத்தில் வைத்து, அவரவர் சாப்பிடும்போது மேலே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அன்னாசியில் உள்ள புரோமெலைன், பப்பாளியில் உள்ள பப்பேன், கிவியில் உள்ள ஆக்டினிடின் மூன்றும் பால் புரதத்தை உடைக்கும் நொதிகள். முன்கூட்டியே கலந்து வைத்தால் பால் திரிந்து கசந்துவிடும்.

விருந்தாளிகளில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால் நட்சத்திரப் பழத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதில் உள்ள நச்சை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது, அது மூளையைத் தாக்கும். கிரேப்ஃப்ரூட் சில கொலஸ்டிரால், ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். இரண்டும் இல்லாமலேயே சாலட் நன்றாக இருக்கும் என்பதால் பொது விருந்தில் நான் இவற்றைத் தொடுவதில்லை. கிவி சிலருக்கு ஒவ்வாது. அதைச் சேர்த்திருந்தால் பரிமாறும்போதே சொல்லிவிடுங்கள்.

மேசையில் நேரம் கடந்து நின்றதை எறிந்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் கலக்காமல் மிஞ்சிய டப்பாக்கள் மறுநாள் வரை தாங்கும். தர்பூசணிச் சல்லடைக்குக் கீழே தேங்கிய சாற்றில் மிச்சமிருக்கும் பாகை ஊற்றி, இன்னொரு அரை மூடி எலுமிச்சை பிழிந்து, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து ஒரு ஜாடி நிரப்புங்கள். வெட்டி, கழுவி, பரிமாறி முடித்து உட்காரும்போது குடிக்க உங்களுக்கு அது வேண்டும்.